நடுவர் தீர்ப்பு சொல்லாத பட்டிமன்றம்

பட்டிமன்றம் வைக்கலாம் என்ற யோசனை எனக்கு நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஆன்ட்டி வீட்டு பேஸ்மென்டில், மூன்றாவது இன்டர்செப்ஷனுக்கும் இரண்டாவது தட்டு வாழைக்காய் பஜ்ஜிக்கும் நடுவில் தோன்றியது. எங்கள் குவாட்டர்பேக் எறிந்த பந்து மறுபடியும் எதிரணிக்காரர் கையில் போய் உட்கார்ந்திருந்தது. செந்தில் அண்ணா அவரைக் காப்பாற்றிப் பேச, நான் விரட்டச் சொல்லிப் பேச, அங்கிள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு கோச்சைத் திட்ட, யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

"மைக் ஒண்ணுதான் குறைச்சல்," என்றார் அங்கிள்.

மைக் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஜனவரியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. முந்தைய ஆண்டு பட்டிமன்றத்தில், குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று பேசி பாதிச் சபையைத் தூங்கவைத்திருந்தார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்கு வரும். முன்னால் நிற்கும் ஐந்து தடியர்கள் எதிரணியைத் தடுத்து நிறுத்தும் அந்தச் சில நொடிகளுக்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆள் ஒருவருக்கு அவர் அதை எறிய வேண்டும். ஜெயித்தால் ஊரே அவர் சட்டையைப் போட்டுக்கொள்ளும். தோற்றால், பதினொரு பேர் ஆடிய ஆட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் திட்டு வாங்குவார். எங்கள் ஆள் அந்த வருடம் திட்டு வாங்குவதற்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தார்.

"தலைப்பு ரெடி," என்றேன். "அடுத்த சீசனுக்கு நம்ம குவாட்டர்பேக் இருக்கணுமா, போகணுமா? நான் போகணும் டீம்."

"அப்ப நான் இருக்கணும்," என்றார் செந்தில் அண்ணா. ஈரோட்டுக்காரர். ரயிலில் பழக்கமாகி என்னை இந்த பேஸ்மென்டுக்குக் கூட்டி வந்தவர். கிழிந்தாலும் அந்த அணியின் ஜெர்சியைத்தான் போடுவார். "நடுவர் யாரு?"

இருவரும் ஒரே நேரத்தில் ஆன்ட்டியைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ரிமோட்டை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாப்போம்," என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் ஆன்ட்டியிடம் மிச்சம் இருப்பது ஐந்தடி உயரமும் ஒரு ஜெபமாலையும்தான். நாகர்கோவில் பக்கம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் பஜ்ஜி மாவு கரைப்பார். ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது ரிமோட்டோடு உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகு எங்களுக்கு நிம்மதி கிடையாது. ஒவ்வொரு தவறுக்கும் நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், இடது ஓரத்தில் யார் கால் வழுக்கியது, யார் ஓட வேண்டிய பக்கம் ஓடவில்லை என்று விரலால் காட்டுவார். இப்படி நிறுத்தி நிறுத்தி எங்கள் ஆட்டம் நியூ ஜெர்சியின் மற்ற வீடுகளைவிட அரை மணி நேரம் பின்தங்கிவிடும். ஸ்கோர் கசிந்துவிடக் கூடாது என்று எல்லோருடைய போனும் ஓர் எவர்சில்வர் குண்டானுக்குள் மூடி போட்டு இருக்கும். பக்கத்து வீட்டில் திடீரென்று கூச்சல் எழுந்தால், நமக்கு இன்னும் சற்று நேரத்தில் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று காத்திருப்போம். அந்த சீசனில் கூச்சல் அதிகம் எழவில்லை.

மகள் ஜெனி காலேஜிலிருந்து வந்திருந்தால் படியில் நின்றபடியே, "மாம், ஜஸ்ட் ப்ளே இட்," என்பாள்.

"ஒரு நிமிஷம் மக்ளே," என்று ஆன்ட்டி இன்னொரு முறை பின்னால் ஓட்டுவார்.

அவருக்கு வேலையும் அதுதான். மருந்து தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்றில் விசாரணை செய்பவர். மாத்திரை உருவாகும் வழியில் எங்காவது பிசகினால் ஒரு ஃபைல் திறப்பார்கள். ஏன் பிசகியது என்று கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது மூடும். நிறையப் பேர் 'ஊழியரின் கவனக்குறைவு, மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று இரண்டே வரியில் மூடிவிடுவார்களாம். ஆன்ட்டிக்கு அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே ஆகாது.

"மூணு பேரு, ஒரே வால்வைத் தப்பாத் திறந்திருக்காங்க," என்று ஒரு நாள் சொன்னார். "மூணு ஃபைல்லயும் ஆள் தப்புன்னு எழுதி மூடியாச்சு. நாலாவது ஆளுக்கு நான் போறேன். அந்தப் பையன், என் தப்புதான் மேம், எழுதிக்கோங்கங்கறான். நான் ஏணி வாங்கி மேல ஏறிப் பாத்தேன். ரெண்டு வால்வு, ரெண்டுக்கும் ஒரே நீலக் கைப்பிடி, லேபிள் பைப்புக்குப் பின்னாடி. ஆள் தப்புன்னு எழுதினா ஃபைல் மூடிரும் மக்ளே. வால்வு அங்கேயேதான இருக்கும்?"

"அதுக்கு இவ ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டா," என்றார் அங்கிள். "இவ ஃபைலை மூடறதுக்குள்ள கம்பெனியை மூடிருவான்."

நாங்கள் சிரித்தோம். ஆன்ட்டியும் சிரித்தார்.

எல்லாம் சிரிப்பாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொண்டுவரும் சர்ச் பாட்லக்கில் செந்தில் அண்ணாவின் சாம்பார் புளித்துப்போனபோது, கொதிக்கக் கொதிக்க மூடி, டவல் சுற்றி, ஹீட்டர் ஓடும் காரில் மூன்று மணி நேரம் வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, "தப்பு டவல் மேல," என்று தீர்த்துவைத்தாரே, அது சிரிப்பு. ஆனால் மளிகைக் கடை பார்க்கிங்கில் ஒரு பையன் ரிவர்ஸ் எடுத்து ஆன்ட்டியின் காரை இடித்த அன்று நான் கூட இருந்தேன். அவனுக்குக் காலேஜ் படிக்கும் வயது. இறங்கியதும் சாரி சாரி என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஆன்ட்டி திட்டவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாய், கண்ணாடியில் என்ன தெரிந்தது, அந்தத் தள்ளுவண்டிகள் நிறுத்தும் கூண்டு மறைத்ததா என்று குளிரில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் முகம் வெளிறிக்கொண்டே போனது. இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அன்று ஆன்ட்டியைப் பார்க்கச் சற்றுப் பயமாக இருந்தது.

என் வேலைக்கு வருகிறேன். எம்.எஸ் முடித்துச் சேர்ந்த முதல் வருடம். பிற கம்பெனிகளின் விவரங்களை வாங்கி அலசி, எங்கே தாமதம், எங்கே விரயம் என்று சார்ட் போட்டுக் கொடுக்கும் சின்ன நிறுவனம். அந்த ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து பட்டியல் வந்தது. விசாரணை ஃபைல்கள் மூட ஏன் இவ்வளவு நாளாகிறது என்பது கேள்வி. விசாரிப்பவர்களின் பெயர் இல்லை, ஏ, பி, சி, டி என்று எழுத்துகள்தான். அது ஆன்ட்டி வேலை செய்யும் கம்பெனி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பல ஊர்களில் பிளான்ட். பெயர் இல்லாததால், அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்றே நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டே நாளில் முடித்தேன். மற்ற எழுத்துகள் எல்லாம் குட்டை. டி மட்டும் பனைமரம் மாதிரி நின்றது. அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்து, 'டி-யின் ஃபைல்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தாமதம் பெருமளவு குறையும்' என்று கீழே ஒரு வரியும் எழுதினேன். வியாழக்கிழமை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை என் மேனேஜர் கூப்பிட்டுப் பாராட்டினார். கிளையன்ட்டுக்கு ரொம்பச் சந்தோஷமாம். அந்த டி ஒரு இந்தியப் பெண்மணியாம், பல வருடம் இருப்பவராம். எந்த மீட்டிங்கிலும் எதையும் முடிக்க விடாமல், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். இனி எண்ணே பேசும், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவரை வைத்திருப்பதா என்று முடிவெடுத்துவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கேள்வி யாருடையது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பட்டிமன்றம். கிளையன்ட் விஷயத்தை வெளியே சொன்னால் என் வேலை போகும், வேலை போனால் விசா போகும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆன்ட்டியின் வேலை போகும். இந்த இரண்டையும் சுமந்துகொண்டு, பட்டுப் புடவை கட்டி, ஒரு பள்ளிக்கூடக் கஃபடீரியா மேடையில் 'போக வேண்டும்' அணியின் தலைவியாக உட்கார்ந்திருந்தேன். நடுவர் நாற்காலியில் ஆன்ட்டி. கையில் பேனா, முன்னால் மஞ்சள் நோட்டு.

என் முறை வந்தது. தயாரித்து வைத்திருந்ததை அப்படியே பேசினேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. "நடுவர் அவர்களே, எதிரணிக்குப் பாசம் இருக்கிறது, எங்களிடம் எண்கள் இருக்கின்றன. ஒரே நாற்காலியில் ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து, மற்றவர்கள் வேகமாக முடிப்பதை இவர் மட்டும் இழுத்தடித்தால், என்ன செய்வது? மாற்றுவதுதான் மரியாதை." கைதட்டல் பலமாக இருந்தது. ஆன்ட்டி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பாயின்ட் பாக்கி இருந்தும் உட்கார்ந்துவிட்டேன்.

செந்தில் அண்ணா ஜெர்சியோடு எழுந்தார். "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி எண்ணைப் பத்திப் பேசினாங்க. அவங்க வந்த புதுசுல எத்தனை வாட்டி டிரைவிங் டெஸ்ட் ஃபெயில் ஆனாங்கன்னு நான் சொல்லட்டுங்களா? அப்ப அவங்களை நாம ஊருக்கு அனுப்பிட்டமா?"

சபை சிரித்து உருண்டது. நானும் சிரிப்பதுபோல் உதட்டை வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஆன்ட்டி மைக்கைப் பிடித்தார். "ரெண்டு அணியும் நல்லாப் பேசுனீங்க. ஆனா இருக்கணும்னு சொன்னவங்களும் அவரைப் பத்தியே பேசுனீங்க, போகணும்னு சொன்னவங்களும் அவரைப் பத்தியே பேசுனீங்க. அவருக்கு முன்னாடி அஞ்சு பேரு நிக்கிறாங்க. அவங்களைப் பத்தி ஒருத்தர்கூட வாயத் திறக்கல. அதைப் பாக்காம நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்."

சபைக்கு முதலில் புரியவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், பட்டிமன்றம்னா தீர்ப்பு சொல்லணும்," என்றார். சங்கச் செயலாளர் மேடைக்கு வந்து காதில் ஏதோ கெஞ்சினார். அங்கிள் முதல் வரிசையிலிருந்து, "ஏதாச்சும் ஒண்ணு சொல்லிரேன்மா, பொங்கல் ஆறுது," என்றார். ஆன்ட்டி நோட்டை மூடி, மைக்கை அணைத்து, இறங்கிவிட்டார். சாப்பாட்டு வரிசையில் அவரைச் சுற்றி ஒரு வெற்றிடம் இருந்தது. தீர்ப்பைக் கேட்காமல் சாப்பிடுவது எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது போல.

நான் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு காரிடாருக்கு வந்தேன். குளிர்பான மெஷின் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சார்ட், சிவப்பு நிறம், நான் எழுதிய வரி, செவ்வாய்க்கிழமை. சொல்லி முடித்து, "எல்லாம் என் தப்பு ஆன்ட்டி," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. இருந்தும் முதலில் வந்தது கேள்விதான்.

"எத்தனை நாள் டைம் குடுத்தாங்க உனக்கு?"

"ஒரு வாரம். நான் ரெண்டு நாள்ல முடிச்சிட்டேன்."

"ஃபைல் வகைன்னு ஒரு ஃபீல்டு இருக்குமே. புதுசா வந்ததா, வேற ஆள் மூடித் திரும்பத் திறந்ததான்னு. அதுல பாத்தா டி-கிட்ட வர்றது பூரா திரும்பத் திறந்தது, அதான் நாளாகுதுன்னு தெரியும். உனக்கு அது வரலையா?"

"வந்துச்சு ஆன்ட்டி. நான்தான் தூக்கிட்டேன்."

"ஏன்?"

"பாதிக்கு மேல காலி. அதை வெச்சா சார்ட் குழப்பமா இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "ஏன் காலியா இருந்துச்சு?"

"தெரியல. யாரும் ஃபில் பண்ணல."

ஆன்ட்டி மெஷினின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே யாரோ மைக்கில் கோலப்போட்டி முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஃபார்ம் நான் டிசைன் பண்ணது," என்றார். "அந்த ஃபீல்டை ஃபில் பண்ணாம சப்மிட் பண்ண முடியாதுன்னு வெச்சிருக்கணும். பாவம், பிளான்ட்டுல ஏற்கெனவே ஆயிரம் கட்டம் நிரப்புறாங்க, இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும், இஷ்டம் இருந்தா நிரப்பட்டும்னு விட்டேன்."

அவருடைய கேள்வி கடைசியில் போய் நின்ற இடம் அவரே. அதற்கு முன்னாடி என்று அவர் மறுபடி கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வா, சாப்பிடலாம்," என்றார்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைத் திரும்பச் சேர்த்துப் புதிய சார்ட் போட்டேன். நிரம்பியிருந்த பாதியில் ஆன்ட்டி சொன்னது பளிச்சென்று தெரிந்தது. மற்ற பாதி வெள்ளையாகக் கிடந்தது. மேனேஜருக்கு அனுப்பினேன். நல்ல கவனிப்பு, ஆனால் அரைகுறை விவரத்தைக் கிளையன்ட்டிடம் காட்ட முடியாது என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை வீடியோ கூட்டத்தில் என் பழைய சார்ட்தான் திரையில் வந்தது. நானும் கூட்டத்தில் இருந்தேன். மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு. யாருக்காவது கேள்வி உண்டா என்று ஒருவர் கேட்டார். பதினைந்து முகங்கள் காத்திருந்தன. நான் பேசவில்லை.

ஏப்ரலில் ஆன்ட்டியின் பதவியை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் எங்கள் அணி குவாட்டர்பேக்கையும் வேறு ஊருக்கு அனுப்பியது. போன இடத்திலும் அவர் சரியாக ஆடவில்லை, பாதி சீசன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆன்ட்டி எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னார் என்று நான் சாதிக்க வரவில்லை. 'பாத்தீங்களா ஆன்ட்டி, ஆள்தான் சரியில்லை' என்று செந்தில் அண்ணாவே வாட்ஸப்பில் எழுதினார். 'அங்க முன்னாடி யாரு நிக்கிறா?' என்று டெக்ஸஸிலிருந்து பதில் வந்தது.

ஆன்ட்டிக்கு டெக்ஸஸில் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. சம்பளமும் பதவியும் குறைவு. வீட்டைக் காலி செய்த வாரம் பெட்டி கட்ட உதவப் போனேன். ரிமோட்டைக்கூட காற்றுக்குமிழ் கவரில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கூட்டத்துல நான் பேசியிருக்கணும் ஆன்ட்டி. என் தப்பு. ஒரு தடவையாவது என்னைத் திட்டிருங்க."

"திட்டினா உனக்குத் தூக்கம் வரும்," என்றார் ஆன்ட்டி, டேப்பைப் பல்லால் கடித்தபடி. "அப்படியெல்லாம் சொல்லித் தப்பிச்சிராத மக்ளே. ஏன் பேசலன்னு கண்டுபிடி. எனக்குச் சொல்லவேணாம். உனக்குத் தெரிஞ்சா போதும்."

மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னிக்க வேண்டுமானால் முதலில் குற்றம் சொல்ல வேண்டும், அதை அவர் செய்யவே இல்லை.

ஏன் பேசவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். விசா பயம் ஒன்று. அதற்கு முன்னாடி? என் சார்ட் அழகாக இருந்தது. எல்லோரும் பாராட்டிய ஒன்றை நானே எழுந்து கலைக்க மனம் வரவில்லை. இரண்டே நாளில் முடித்தேன் என்ற பெருமை. அதற்கும் முன்னால் போனால், நான் பேசும்போது அந்தப் பாதி வெள்ளைக் கட்டங்களுக்கு என்னிடம் பதில் இல்லையே என்ற கூச்சம். பதில் இல்லாமல் கூட்டத்தில் பேசலாம் என்று எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. கண்டுபிடிக்க இத்தனை வருடமாகியிருக்கிறது. ஆன்ட்டியைவிட மெதுவாகத்தான் ஃபைல் மூடுகிறேன்.

இப்போது நான் கலிஃபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில் இருக்கிறேன். போன வாரம் புதிய வேலையில் ஒரு பட்டியல் வந்தது. வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் குழுவில் யார் வேகம், யார் மந்தம். பெயர் இல்லை, எண்கள்தான். பதினேழாம் எண் எல்லோருக்கும் கீழே கிடக்கிறது. இந்த முறை அது யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பக்கத்து ஊரான லிவர்மோர் அலுவலகத்தில் தரைத்தளத்தில் உட்காரும் ஒருவர், காலை ஏழு மணி ஷிஃப்ட்.

நாளைக்கு ஏழு மணிக்கு அங்கே போய், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஷிஃப்ட் முடியும்வரை உட்காரப்போகிறேன். எந்த மாதிரிப் புகார்கள் அவரிடம் வந்து விழுகின்றன என்று பார்க்க வேண்டும். வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்து அவர் பேசாமல்கூட இருக்கலாம். அப்படியானால் பாதிதான் தெரியும். வியாழக்கிழமை கூட்டத்தில் அந்தப் பாதியை, மீதி வெள்ளையாகவே விட்டு, திரையில் போடுவேன். இது என்ன குழப்பம் என்று யாராவது கேட்பார்கள். தெரியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் குரல் சரியாக வரவில்லை.